வீட்டுக்குப் போன வாசல் நிலை

பயிற்சி வகுப்பில் உங்களுக்குக் கரையானைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். பொருளின் மேல் வெளிச்சம் எவ்வளவு படலாம், பழைய பட்டுப் புடவையை எப்படி மடிக்க வேண்டும், பித்தளையை ஏன் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது என்பதையெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது வேறு. ஒரு நாள் ஒருவர் உங்கள் எதிரில் வந்து நின்று, நீங்கள் தினமும் தூசி தட்டும் பொருளைக் காட்டி, "இது எங்களுதுங்க" என்பார். அந்த நாளுக்கு எந்த வகுப்பிலும் பாடம் கிடையாது.

பெரிய அருங்காட்சியகங்களுக்கு இந்தக் கவலை குறைவு. அங்கே இருப்பது ராஜாக்களின் வாளும் கேடயமும். ராஜா திரும்பி வந்து கேட்க மாட்டார். நம்மைப் போன்ற சின்ன இடங்களில் இருப்பது பக்கத்து பிளாக்கில் குடியிருந்தவர்களின் பொருள்கள். அவர்கள் டவுன் பஸ் பிடித்து வந்துவிடுவார்கள்.

நெய்வேலியில் நான் பொறுப்பாளராக இருந்த அருங்காட்சியகம் ஒரு பழைய சமூகக் கூடத்தில் நடந்தது. முன்னால் பெரிய ஹால், பின்னால் இரண்டு சின்ன அறைகள். நடத்தியது குடியிருப்போர் சங்கம். கட்டடம் சுரங்க நிறுவனத்திடம் வாங்கிய இரவல். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரு குழு வந்து சுற்றிப் பார்த்து, இடத்தைத் தொடர்ந்து கொடுக்கலாமா என்று முடிவு செய்யும். இதைத் தவிர எங்களுக்கு வேறு பயம் இல்லை.

எங்களிடம் பொருள் வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். டவுன்ஷிப்பில் யாருக்கும் சொந்த வீடு கிடையாது. ரிட்டயர் ஆகும் அன்று மாலை போட்டு, பட்டாசு வெடித்து, வீடுவரை கொண்டுவந்து விடுவார்கள். அப்புறம் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். வாழ்நாளெல்லாம் சேர்த்த சாமான்கள் மகனின் சென்னை ஃபிளாட்டுக்குள் நுழையாது. மிச்சத்தைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு, "இருக்கட்டும், வந்து எடுத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எல்லா பிளாக்கிலும் இந்த வழக்கம் உண்டு. அருங்காட்சியகம் வந்த பிறகு பக்கத்து வீட்டுக்குப் பதிலாக எங்களிடம் கொண்டுவந்தார்கள். நாங்கள் நன்கொடை என்று எழுதிக்கொண்டோம். கொண்டுவந்தவர்களில் பாதிப் பேர் மனதில் அது நன்கொடை அல்ல என்பது எங்களுக்கு உறைக்கவில்லை.

நான் வேலைக்கு வரும் முன்பே ஹால் நடுவில் ஒரு வாசல் நிலை நின்றுகொண்டிருந்தது. பலா மரம். மேல் சட்டத்தில் தாமரையும் இரண்டு பக்கமும் கிளிகளும் செதுக்கியிருக்கும். எத்தனையோ வெள்ளிக்கிழமைகளின் மஞ்சள் ஏறி, மரம் தேன் நிறத்தில் மினுங்கும். சுரங்கத்துக்காக எடுக்கப்பட்ட ஒரு கிராமத்து வீட்டிலிருந்து வந்தது அது. அந்த வீட்டு மகன் சுரங்கத்தில் பர்மனென்ட். ரிட்டயர் ஆகிக் கோயம்புத்தூருக்குப் போகும்போது எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். வருகிறவர்கள் எல்லாரும் அந்த நிலை வழியாகத்தான் அடுத்த பகுதிக்குப் போவார்கள். படம் எடுத்துக்கொள்வார்கள். எங்கள் நோட்டீசிலும் அதுதான், பெயர்ப் பலகையிலும் அதுதான்.

ஒரு நாள் பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். துணைக்கு வந்த பெண்களில் ஒருவர் நிலைக்குப் பக்கத்தில் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். அறுபதை ஒட்டிய வயது, ஒல்லியான உடம்பு. பிள்ளைகள் செருப்புக் காலோடு வாசல்படி மேல் ஏறிக் குதித்துப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"படிய மிதிக்காதீங்க கண்ணுங்களா, தாண்டிப் போங்க" என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் சொன்னார். கடைசிப் பிள்ளை போகும்வரை அங்கேயே நின்றார். பிறகு முந்தானையால் படியைத் துடைத்தார். எங்கள் உதவியாளர், "பொருளத் தொடக் கூடாதும்மா" என்றதும் கையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் தனியாக வந்தார். பேர் சரோஜா, கேன்டீனில் காண்ட்ராக்ட் வேலை. முதல் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வந்திருந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அது எங்கப்பா வச்ச நிலைங்க மேடம். ஊரக் காலி பண்ணப்போ வண்டி வச்சு எடுத்தாந்தோம். எங்களுக்கு அப்ப வாடக வூடு. அத வைக்க எடமில்ல. அண்ணன் குவார்ட்டர்ஸ்ல வச்சிகினு இருந்தாரு. கோயமுத்தூருக்கே கொண்டுபோயிட்டாருன்னு நெனச்சிகினு இருந்தேன். இங்க பாத்ததும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

"இப்ப என்ன செய்யணும்னு நினைக்கறீங்கம்மா?"

"வடக்குத்துல மனை வாங்கி வூடு கட்டிகினு இருக்கோம். வர்ற வெள்ளிக்கிழம நிலை வைக்கிறதுங்க. எனக்கு எங்கப்பா நிலையக் குடுத்துருங்க."

அவர் கெஞ்சவில்லை. அழவும் இல்லை. இரவல் கொடுத்த அரிசிப் படியை அடுத்த வீட்டில் திருப்பிக் கேட்பது மாதிரி இயல்பாகக் கேட்டார். அந்த வெள்ளிக்கிழமைதான் எங்கள் கட்டடத்தைப் பார்க்கக் குழு வருவதாக இருந்தது.

புதிதாக வேலைக்கு வந்தவர்கள் இந்த இடத்தில் இரண்டு விதமாகச் சறுக்குவார்கள். ஒன்று, மனம் இளகி உடனே சரி என்பார்கள். இல்லாவிட்டால், "அருங்காட்சியகத்துக்கு வந்தது வந்ததுதான்" என்று சட்டம் பேசுவார்கள். இரண்டுக்கும் ஒரு நிமிடம் போதும், அதனால்தான் இரண்டும் ஆபத்து. அவரிடம் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். அவர் முகம் வாடியது. இருந்தாலும் தலையாட்டினார்.

முதலில் அண்ணனுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"நான் கையெழுத்துப் போட்டுத்தான் குடுத்தேன் மேடம். மகன் வீட்ல வைக்க இடமில்ல. வெளியில போட்டா யாராவது விறகுக்கு உடைச்சிருவாங்க. உங்ககிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்னு குடுத்தேன்" என்றார்.

"தங்கச்சிகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லல."

"அவங்க இப்ப கேக்கறாங்க. உங்களுக்கு ஆட்சேபணை இருக்கா?"

"எங்கப்பா வச்ச நிலை மேடம். அவளுக்கும்தானே அப்பா" என்றார்.

அதற்கு மேல் எனக்கு விசாரிக்க ஒன்றும் இல்லை. யார் கொடுத்தார் என்று கேட்டு எழுதிய நாங்கள், அதில் வேறு யாருக்குப் பங்கு என்று கேட்காமல் விட்டிருக்கிறோம். நீங்கள் ஒரு பொருளை வாங்கும்போது இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விடாதீர்கள். கூடப் பிறந்தவர்கள் இருக்கிறார்களா, அவர்களுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். கேளுங்கள்.

எங்கள் சங்கச் செயலாளரிடம் போனேன். அனல்மின் நிலையத்தில் இன்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆறடி உயரம், கணீரென்ற குரல். அருங்காட்சியகம் அவர் கனவு. கண்ணாடிப் பெட்டிகளைத் தானே தூக்கி வைத்து, வீடு வீடாகப் போய்ப் பொருள் கேட்டு உண்டாக்கிய மனிதர். அவரை வில்லனாக நினைத்துக்கொள்ளாதீர்கள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

"மேடம், சென்டிமென்ட்ல மியூசியம் நடத்த முடியாது. இன்னைக்கு நிலையக் குடுத்தா நாளைக்குத் தையல் மெஷினக் கேட்டு வருவாங்க. அப்புறம் லைன் கட்டி நிப்பாங்க. காலி ஹாலைப் பூட்டிட்டு நாம வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"அவங்க சொத்து சார்."

"குடுக்க வேணாம்னு நான் சொல்லலையே. கமிட்டி வந்துட்டுப் போகட்டும். ஒரே வாரம். திங்கக்கிழமை நானே வண்டி வச்சு அனுப்பறேன்."

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள். யாருக்கும் நஷ்டம் இல்லை, ஒரு வாரம்தானே. எனக்கும் அந்த நிமிடம் சரி என்றுதான் பட்டது. நம் வேலையில் அநியாயம் எப்போதும் அநியாயம் மாதிரி வராது. "ஒரு வாரம்தானே" என்று வரும். அந்த ஒரு வாரம் எதிராளிக்கு என்ன என்று போய்ப் பார்க்காமல் தலையாட்டாதீர்கள்.

நான் போய்ப் பார்த்தேன். வடக்குத்தில் உள்ளடங்கிய ஒரு தெருவில் அந்த மனை. அஸ்திவாரம் முடிந்து தரைமட்டத்துக்கு எழும்பியிருந்தது. மணலும் ஜல்லியும் தெருவில் பாதியை அடைத்திருந்தன. சரோஜா செங்கல்லுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். சுரங்கத்தில் காண்ட்ராக்டில் இருக்கும் அவர் மகன் நைட் ஷிப்ட் முடித்து வந்து, தூங்காமல் மண் அள்ளிக்கொண்டிருந்தான்.

"முகூர்த்தத்தை ஒரு வாரம் தள்ள முடியுமாம்மா?" என்று கேட்டேன்.

சரோஜா குழாயைக் கீழே வைத்தார். "அடுத்த வாரம் ஆடி பொறந்துடுதுங்க. ஆடியில நிலை வைக்க மாட்டோம். மேஸ்திரி குள்ளஞ்சாவடி பக்கம் வேற வேலைக்கு ஒத்துகினு இருக்காரு. அவரு போயிட்டா எப்ப வருவாரோ."

மகன் குறுக்கே பேசினான். "நான்தாங்க சொல்லிகினு இருக்கேன். கடையில ரெடிமேடு சிமெண்ட் நிலை கெடைக்குது. அத வச்சுட்டு வேலையப் பாப்போம்னு. பாவம், அம்மாதான் இதுக்குப் போயி அலையிது."

"அத வச்சு செவுரு ஏத்திட்டா அப்புறம் இத எங்கடா வைக்கிறது? உன் தலை மேலயா?" என்றார் சரோஜா. அவர் குரல் ஏறியது அப்போது மட்டும்தான். பிறகு என்னைப் பார்த்து, "ஒங்களுக்கு ஆவாதுன்னா இப்பவே சொல்லிடுங்க மேடம். சிமெண்ட்டு நிலையே வாங்கிடறோம். ஒங்களத் தப்பு சொல்ல மாட்டேன்" என்றார்.

அதுதான் அந்த ஒரு வாரம். திங்கட்கிழமை வண்டி வைத்து அனுப்பினால் சுவரில் சாத்தி வைக்கத்தான் அந்த நிலை ஆகும்.

என் அப்பா, வீட்டில் எங்களுக்கு அத்தா, மெயின் பஜாரில் இரும்புக் கடை வைத்திருந்தார். ஊருக்குப் போகிறவர்கள் சைக்கிள், டிரங்குப் பெட்டி என்று எதையெல்லாமோ கடையின் பின்பக்கம் விட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் அமானிதம். உரியவர் வந்து கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும். நமக்கு வசதிப்படும்போது கொடுக்கலாம் என்பது அதில் கிடையாது. அந்தப் பேச்சில் வளர்ந்தவள் நான், அருங்காட்சியகத்துக்கு வந்ததும் வேறு ஆளாகிவிட முடியாது. வடக்குத்திலிருந்து திரும்பும் பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன். அதன் பிறகு எனக்குக் குழப்பம் இல்லை.

அன்று மாலையே செயலாளரிடம் சொன்னேன். "வியாழக்கிழமை நிலை போகுது சார். என் பொறுப்புல குடுக்கறேன். தப்புன்னு பட்டா கமிட்டி முன்னாலயே சொல்லுங்க. என்னை நிறுத்துறதுன்னாலும் நிறுத்திடுங்க."

"நான் பத்து வருஷமா கட்டுனத ஒரு நாள்ல இடிக்கறீங்க மேடம்" என்றார். அவர் கண் கலங்கியது எனக்குத் தெரிந்தது. எனக்கும் வலித்தது. ஆனாலும் நான் பின்வாங்கவில்லை.

வியாழக்கிழமை மகனும் அவன் ஷிப்ட்டுக் கூட்டாளிகளும் குட்டி யானை வண்டியோடு வந்தார்கள். செயலாளர் வரவில்லை. மரம் அடிபடாமல் பழைய போர்வைகளைச் சுற்றினோம். வண்டி கிளம்பியதும் ஹால் நடுவில் பெரிய வெறுமை. எங்கள் உதவியாளர் அங்கே பூந்தொட்டி வைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஒளித்து மறைத்துச் செய்த வேலை இல்லையே, எதற்குப் பூந்தொட்டி.

வெள்ளிக்கிழமை குழு வந்தது. தலைவராக வந்தவர் கையில் எங்கள் நோட்டீஸ். உள்ளே நுழைந்ததும் நோட்டீசைப் பார்த்தார், ஹாலைப் பார்த்தார்.

"இந்த நிலை எங்கே?"

"வீட்டுக்குப் போயிருக்கு சார்" என்றேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். அதே நேரம் போனில் ஒரு படம் வந்து விழுந்தது. சரோஜாவின் மகன் அனுப்பியது. செங்கல் அடித்தளத்தின் மேல் நிலை நிமிர்ந்து நிற்கிறது. மாவிலையும் மஞ்சள் துணியும் கட்டியிருக்கிறார்கள். மேஸ்திரி தூக்குக்குண்டு பிடித்துக்கொண்டிருக்கிறார். காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நன்றாகத்தான் பார்த்தார்.

"வீட்ல இருக்கற நிலை எல்லா ஊர்லயும் இருக்கு மேடம். மியூசியத்துல இருக்கணும்னுதானே இடம் குடுத்தது?" என்றார்.

"கேட்டா திருப்பித் தராத இடத்துல யார் சார் நம்பிப் பொருள் குடுப்பாங்க?"

அவர் நோட்டீசை மடித்துப் பையில் வைத்தார். செயலாளர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். என்னை விட்டுக்கொடுத்து ஒரு வார்த்தை பேசவில்லை, அதை நான் மறக்க மாட்டேன். ஆனால் எனக்காகவும் பேசவில்லை.

முடிவு சில நாளில் வந்தது. முன் ஹால் போய்விட்டது. போட்டித் தேர்வு வகுப்பு நடத்த அதை ஒதுக்கிவிட்டார்கள். பின்னால் இருக்கும் இரண்டு அறைகள் மட்டும் எங்களுக்கு. நல்லது செய்தால் நல்லது நடக்கும் என்று உங்களிடம் பொய் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. நான் ஓய்வு பெறும்வரை அந்த இரண்டு அறைகளுக்குள்தான் பெட்டிகளை நெருக்கி வைத்து வேலை பார்த்தேன். பிள்ளைகளைப் பாதிப் பாதியாக உள்ளே விட வேண்டியிருந்தது. பல நாள் எரிச்சலில் வீட்டில் போய்ச் சிடுசிடுத்திருக்கிறேன். அந்த நிலையைக் கொடுத்ததற்காக மட்டும் ஒரு நாளும் வருந்தவில்லை.

செயலாளர் பயந்த மாதிரி லைன் கட்டி யாரும் நிற்கவில்லை. இரண்டே பேர் வந்தார்கள். ஒரு பெண் அம்மாவின் தையல் மெஷினைக் கேட்டார். கொடுத்த அம்மாவே கூட வந்திருந்தார், கொடுத்தேன். இன்னொருவர் மாமாவின் வால்வ் ரேடியோவைக் கேட்டார். மாமாவுக்குப் போன் போட்டேன். "அவன் அத வித்துத் தின்னுடுவான், குடுக்காதீங்க" என்றார் மாமா. கொடுக்கவில்லை. வந்தவர் வாசலில் நின்று சத்தம் போட்டார். போடட்டும் என்று விட்டுவிட்டேன். திருப்பித் தருவது என்றால் வந்தவருக்கெல்லாம் அள்ளிக் கொடுப்பது என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்த தையில் சரோஜா புது வீட்டுக்குக் குடிபுகுந்தார். செயலாளர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நேரில் வந்து பத்திரிகை வைத்தார். ஹால் போன பிறகு செயலாளரும் நானும் அவசியத்துக்கு மேல் பேசிக்கொள்வதில்லை. அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். குடிபுகும் நாளில் நான் தெருமுனையில் இறங்கும்போது தன் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சுவர்க் கடிகாரப் பொட்டலம். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

வீட்டுக்கு இன்னும் சுண்ணாம்பு அடிக்கவில்லை. நிலைக்கு மட்டும் எண்ணெய் பூசி, மஞ்சள் குங்குமம் வைத்து, பூச்சரம் தொங்கவிட்டிருந்தார்கள். நான் கொஞ்சம் திகைத்தேன். அது சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது. பிறகுதான் புரிந்தது. எங்கள் ஹாலில் வருகிறவர்களின் தலை இடிக்கக் கூடாது என்று அதைக் கல் அடுக்கித் தூக்கி நிறுத்தியிருந்தோம். எல்லாரும் நிமிர்ந்து நடந்து போனார்கள். இங்கே அது தரையோடு தரையாக, இருக்க வேண்டிய உயரத்தில் இருந்தது.

செயலாளர் முன்னால் நடந்தார். நிலைக்கு எதிரே போய் நின்றார். அவர் கண்ணுக்கு நேராக அந்தத் தாமரையும் கிளிகளும். வழி அதற்குக் கீழே. எப்படி நுழைவது என்று தெரியாமல் கடிகாரப் பொட்டலத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

உள்ளே பால் பொங்கும் அடுப்பை விட்டுவிட்டு சரோஜா ஓடி வந்தார்.

"குனிஞ்சு வாங்க சார்" என்றார் சிரித்துக்கொண்டே. "எங்கப்பா வூட்டுக்குள்ள கலெக்டரு வந்தாலும் அப்படித்தான் வரணும்."

செயலாளர் செருப்பைக் கழற்றினார். ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, படியை மிதிக்காமல் காலைத் தூக்கி வைத்து, இடுப்பு வளைய நன்றாகக் குனிந்து உள்ளே போனார். அவருக்குப் பின்னால் நானும் குனிந்தேன்.